ஒரு மிஸ்டு கால் வந்தால் மூடு, இரண்டு வந்தால் திற

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும். மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் என்னைச் சுற்றுச்சூழல் பொறுப்பாளர் ஆக்கியது அந்தக் கையெழுத்துதான்.

அதற்கு முன்னால் ஊரப்பாக்கத்தில் மாடி மாடியாகத் தண்ணீர் கேன் தூக்கினேன். கூடுவாஞ்சேரியில் பிரியாணிக் கடை அண்டா கழுவினேன். படாளம் பக்கம் இரண்டு சீசன் கரும்பு ஏற்றினேன். தோளில் வந்த புண் ஆறுவதற்குள் சீசன் முடிந்துவிடும், அடுத்த சீசனில் அதே இடத்தில் மறுபடி வரும். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தியதில்லை. நானாகவே கிளம்பிவிடுவேன்.

ரிசார்ட்டில் என்னைச் சேர்த்தது ஜெனரேட்டர் ஓட்டத்தான். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சந்து, அதில்தான் என் பாய். ஜெனரேட்டர் ஓடினால் பல் ஆடும், நின்றால் கொசு கடிக்கும். முன்வாசல் பலகையில் 'இயற்கையின் மடியில் இளைப்பாறுங்கள்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு அட்டை: 'இந்தத் துண்டை நாளையும் பயன்படுத்துங்கள், கடலைக் காப்பாற்றுங்கள்.' ஒரு துண்டில் ஒரு கடல் பிழைக்கும் என்றால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இயற்கையின் மடிக்குப் பின்பக்கம் இரண்டாயிரம் லிட்டர் டீசல் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பச்சை வர்ணம் அடித்து நான்கு இலைகளும் வரைந்திருந்தார்கள். அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். தொட்டி ஒழுகினால் டீசல் வெளியே போகாமல் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்கும் அல்லவா, அதை வெளியேற்றச் சுவரின் அடியில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு வால்வு. குழாய் மண்ணுக்கடியில் போய்ப் பின்வேலிக்கு அப்பால் உப்பங்கழியில் விழும்.

வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் திறந்து, பக்கத்திலேயே நின்று, உடனே மூட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து இதை மேனேஜரிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜரும் வால்வை மூடச் சொன்னார்.

பதினைந்து நாள் கழித்துக் கொசு ஒழிப்புக்காரர்கள் வந்தார்கள். டெங்கு சீசன். தடுப்புச் சுவருக்குள் மழைத்தண்ணீர் நின்றது. ஒருவர் சின்னக் கரண்டியால் மொண்டு மேனேஜரின் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் வால்வைத் திறந்தே வைக்கச் சொன்னார்.

அடுத்து மாசு ஜீப் வந்தது. வால்வு திறந்திருந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

தினமும் காலையில் பார்த்துத் திறந்து மூடினால் இரண்டு ஜீப்புக்கும் பதில் சொல்லலாம். அதற்குக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரத்தில் நான் நீச்சல்குள மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்பது மேனேஜரின் கணக்கு. அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வருவது எந்த ஜீப் என்று பார்த்து எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு மிஸ்டு கால் வந்தால் மாசு, வால்வை மூடு. இரண்டு வந்தால் கொசு, வால்வைத் திற. கேட்டிலிருந்து பின்பக்கம் வர ஜீப்புக்கு ஐந்து நிமிடம், எனக்கு ஒரு நிமிடம்.

"மச்சான், நல்லா நெனப்பு வச்சுக்கோ," என்றான் வாட்ச்மேன். சதுரங்கப்பட்டினத்துக்காரன். "மாசுக்கு ஒண்ணு, கொசுக்கு ரெண்டு. கொசுக்கு ரெண்டு றெக்கை கீதுல்ல? அப்டி நெனச்சுக்கோ."

"மூணு குடுத்தா?"

"மூணு குடுத்தா மொதலாளி வராருன்னு அர்த்தம். எய்ந்து நின்னுக்கோ."

இந்த ஏற்பாடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிசகில்லாமல் ஓடியது. இரண்டு தரப்பும் எங்களைப் பாராட்டின.

என் கையெழுத்துக்கு வேலையும், எனக்குச் சுற்றுச்சூழல் பொறுப்பாளர் என்ற பட்டமும் வந்தது அப்போதுதான். ரிஜிஸ்டர் ஒன்று வைக்க வேண்டும். தினமும் தேதி, நேரம், வால்வின் நிலை, கசிவு உண்டா இல்லையா, கையொப்பம். மேனேஜர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியிலேயே மாதம் முழுவதற்கும் எழுதி வாங்கிவிடுவார். 'வால்வு மூடியுள்ளது. கசிவு இல்லை.' முப்பது முறை. ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று மூன்று பேனா கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கோணலாக எழுது, அப்போதுதான் உண்மையாக இருக்கும் என்றார். எழுதினேன். தேர்வில் இவ்வளவு பொறுமையாக எழுதியிருந்தால் ஒன்பதாவதைத் தாண்டியிருப்பேன்.

சுவருக்குப் பக்கத்தில் மஞ்சள் டிரம் ஒன்றும் இருந்தது. எண்ணெய் சிந்தினால் உறிஞ்சும் பஞ்சுத் திண்டு, மரத்தூள், கையுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்பில் கிட் என்பார்கள். பூட்டியிருக்கும், சாவி மேனேஜரிடம். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணி உடைத்தோம். அந்த டிரம்முக்கு நாங்கள் செய்த ஒரே பராமரிப்பு அதுதான். மணல் வாளிகள் நான்கில் தோட்டக்காரர் குரோட்டன்ஸ் நட்டிருந்தார். விருந்தினர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். டீசல் சிந்தியதுபோல் பாவனை செய்து, அதை நாங்கள் துடைத்துக் காட்ட வேண்டும். டீசலை யார் கொட்டுவது? கேன்டீனிலிருந்து பழைய டீ டிகாஷன் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினோம். படத்தில் அசல் எண்ணெய்போலவே விழுந்தது. நான் ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு டீயைத் துடைத்தேன். கேன்டீனில் சர்க்கரை கலந்துதான் காய்ச்சுவார்கள் போலிருக்கிறது, மறுநாள் தடுப்புச் சுவர் முழுக்க எறும்பு. அந்தப் படம் இன்னும் ரிசார்ட் அலுவலகச் சுவரில் தொங்கலாம். அதில் என் முகம் தெரியாது, கையுறைதான் தெரியும்.

பின்வேலிக்கு அப்பால் குழாய் விழும் இடத்தில் ஒரு அக்கா இறால் பிடித்துக்கொண்டிருப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வலையும் கிடையாது, படகும் கிடையாது. உப்பங்கழிச் சேற்றில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரு கையாலும் தரையைத் தடவிப் பிடிப்பார். ஓலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார். பிடித்ததைப் பறியில் போட்டுவிட்டு மறுபடி தடவுவார். பல்லில் கயிறு இருப்பதால் வேலை நேரத்தில் பேச முடியாது. பேச வேண்டும் என்றால் கரைக்கு வந்துவிடுவார். நிறைய தடவை வருவார்.

மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வந்து விழும் இடத்தில் இறால் கூடும். எங்கள் குழாய் வாயில்தான் நல்ல தண்ணீர் விழுந்தது. இரண்டு பக்கமும் ரிசார்ட்டுகள் தண்ணீர் வரைக்கும் வேலி போட்டுவிட்டன. அக்காவின் குப்பத்திலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை இந்த இடத்துக்குத்தான் வரும். வேறு இடம் கிடையாது.

"ஐப்பசி, கார்த்திக ரெண்டு மாசந்தாம்பா எனக்கு," என்பார். "இந்த ரெண்டு மாசத்துல தடவுறதுதான் வருசத்துக்குக் கஞ்சி. மீதி மாசம்லாம் சும்மா சேத்தத் தடவிக்கினு கெடக்க வேண்டிதுதான்."

பிடித்ததில் நல்லதை எங்கள் சமையலறைப் பின்வாசலில் விற்பார். மெனு அட்டையில் அது 'உப்பங்கழியிலிருந்து இன்று காலை' என்ற பெயரில் வரும். அந்த ஒரு வரி மட்டும் பொய்யில்லை.

அந்த நாள் அடுத்த வருடக் கார்த்திகையில் வந்தது. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. பதினோரு மணிக்கு டீசல் வண்டி வந்தது. டிரைவர் ரப்பர் ஓஸைத் தொட்டியின் வாயில் மாட்டினார். கிளிப் உடைந்து ஆறு மாதமாகிறது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டுவதுதான் வழக்கம். கட்டினோம். டீசல் இறக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். மூடித்தான் வைத்திருந்தேன்.

என் போன் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. மழையில் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு. கொசு. வால்வைத் திறந்தேன். பிறகு கொசுக்காரர்கள் வந்தால் செய்கிற மற்ற வேலைகளுக்கு ஓடினேன். பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பது, இளநீர் மட்டைகளைச் சாக்கில் அள்ளுவது.

முதல் கால் வாட்ச்மேனுடையது. இரண்டாவது, கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனிக்காரப் பெண்ணுடையது. எனக்கு யாரும் கடன் தர மாட்டார்கள் என்று தெரிந்ததாலோ என்னவோ பாதியிலேயே வைத்துவிட்டிருந்தாள். வந்துகொண்டிருந்தது மாசு ஜீப்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். டிரைவர் வண்டிக்குள் மழைக்கு ஒதுங்கி இருந்தார். டியூப் நழுவி, ஓஸ் தொட்டியிலிருந்து விழுந்து சுவருக்குள் பாம்புபோலக் கிடந்தது. டீசல் ஊற்றிக்கொண்டிருந்தது. நான் கத்தியதும் டிரைவர் பம்பை நிறுத்தினார். மீட்டர் முந்நூறு லிட்டருக்கு மேல் காட்டியது. சுவருக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே தேங்கவில்லை. அவ்வளவும் குழாய் வழியாகப் போயிருந்தது. வால்வை மூடினேன்.

மூடிய கையைத் துடைப்பதற்குள், இதுவரை அலுவலகத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த அதிகாரி, மேனேஜர் குடை பிடிக்க வந்து நின்றார்.

"டீசல் வாசனை அதிகமா இருக்கே?"

"லோடு இறங்குது சார்," என்றார் மேனேஜர்.

அதிகாரி சுவருக்குள் எட்டிப் பார்த்தார். கசிந்த டீசல் இல்லை, தேங்கிய தண்ணீர் இல்லை, புழு இல்லை. மழை கழுவிவிட்ட சிமென்ட் தரை மினுமினுத்தது. வால்வு மூடியிருந்தது.

"பரவாயில்லையே, இப்படித்தான் வச்சிருக்கணும். பக்கத்து ரிசார்ட்காரங்களைப் பாத்துட்டுப் போகச் சொல்றேன்," என்றார். ரிஜிஸ்டரைக் கேட்டார். அன்றைய தேதிக்கு முதல் தேதியே எழுதி வைத்த வரி இருந்தது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா ஏறி வந்தார். கழுத்து, கை, புடவை எல்லாம் எண்ணெய். மேலே மழைத்துளி பட்டு வானவில் நிறத்தில் வழிந்தது. கண் சிவந்திருந்தது. பறியை வேலிக்கு மேலாக உயர்த்திப் பிடித்தார்.

"யோவ்! இன்னாயா ஊத்துனீங்க தண்ணில? கண்ணு எரியுது! எறா பூரா நாறுது! எவன் துன்னுவான் இத?"

"லோக்கல் ஆளுங்க சார்," என்றார் மேனேஜர். "போட் எஞ்சின் ஆயில் கசியும். இங்க வந்து சத்தம் போடுவாங்க."

"எந்தப் போட்டுடா வருது இங்க? முட்டிக்கால் தண்ணில போட்டா? உன் கொயாய்லேர்ந்துதான் வருது, நான் பாத்துக்கினுதான இருந்தேன்!" அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லுபா. இன்னா ஊத்துன?"

அதிகாரியும் என்னைப் பார்த்தார். "வால்வு மூடிதானே இருந்துச்சு?"

"ரிஜிஸ்டர்ல இருக்கு சார்," என்றேன்.

இதைவிட நல்ல பதிலை மேனேஜரே சொல்லியிருக்க முடியாது. அதிகாரி மழையையும் ஜீப்பையும் பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் என் முதுகில் தட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனார்.

நான் டிரம்மின் பூட்டைக் கல்லால் உடைத்தேன். உள்ளே பஞ்சும் இல்லை, மரத்தூளும் இல்லை. காற்று இறக்கிய நீச்சல்குள மிதவைகள் இருந்தன. இரண்டு வாத்து, ஒரு ஒட்டகச்சிவிங்கி. சலவை அறைக்கு ஓடி, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த வெள்ளைத் துண்டுகளைக் கை கொண்ட மட்டும் அள்ளிக்கொண்டு வேலி தாண்டினேன்.

அக்கா குழாய் வாயில் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் காற்றில் கரையோரமாகவே ஒதுங்கியிருந்தது.

"இன்னாடா இது, ராஜா வூட்டு கண்ணாலமா? வெள்ள வெள்ளயா கொண்ணாந்துகிற?"

"வேற ஒண்ணும் கெடைக்கலக்கா."

"அப்ப வாயத் தொறக்க மாட்டேன்ட்ட. இப்பத் துண்டத் தூக்கிக்கினு வந்துட்ட. இறங்கு, இறங்கு. அந்த முனையப் புடி."

துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து குறுக்கே விட்டு எண்ணெயைக் கரைக்குத் தள்ளினோம். மீதித் துண்டுகளால் ஒற்றிப் பிழிந்தோம். சாயங்காலம் வரைக்கும். முழுவதும் வரவில்லை, பாதிகூட வராது. எண்ணெய் ஊறிய துண்டுகளை டிரம்மில் போட்டு மூடினேன். வாத்துகளை வெளியே வைத்தேன்.

"போனா போவுது, ஒரு வாரத்துல அலம்பிடும்ல?" என்று கேட்டேன்.

"தண்ணி அலம்பிடும். சேறு அலம்பாது. எறா இருக்கிறது சேத்துல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர் வேறு மூலையில் தடவிக் கொண்டுவந்த இறாலைச் சமையல்காரர் முகர்ந்து பார்த்தார். டீசல் வாசனை. இனி கொண்டுவராதே என்று பின்வாசலை மூடினார். தரக் கட்டுப்பாடு என்றார். அன்றைக்கு ஐஸ் பெட்டியில் வேறெங்கிருந்தோ வந்த இறால், 'உப்பங்கழியிலிருந்து இன்று காலை' என்ற அதே பெயரில் மேசைக்குப் போனது.

அன்றே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காணாமல் போன துண்டுகள் அறுபத்திரண்டு.

"டீசல் சிந்துச்சு சார், அதத் தொடச்சேன்."

"எப்ப சிந்துச்சு?"

"நேத்து."

ரிஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 'வால்வு மூடியுள்ளது. கசிவு இல்லை.' நீல மைப் பேனா. நல்ல எழுத்து.

"கசிவே இல்லைன்னு நீதானே எழுதியிருக்க? அப்போ துண்டு எதுக்கு?"

நட்ட ஈடாக அந்த மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மதியமே வெளியே அனுப்பினார்கள். எனக்குக் கிளம்புவது புதிதில்லை. ஒரு பை, ஒரு பாய். வாட்ச்மேன் கேட் வரைக்கும் வந்தான். "நான் ஒண்ணுதான் மச்சான் குடுத்தேன். ஆத்தா மேல சத்தியமா ஒண்ணுதான்," என்று மூன்று தடவை சொன்னான்.

வழக்கமாக அப்படியே பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவேன். இந்த முறை செங்கல்பட்டில் இறங்கி அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். எழுதிக் கொடு என்றார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், மிஸ்டு கால் உட்பட. அவர் படித்துவிட்டுக் கைபேசியில் ரிஜிஸ்டர் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கை.

"ரெண்டுல எது பொய்?"

"ரிஜிஸ்டர் சார்."

"அப்போ பொய் ரெக்கார்டு எழுதினது நீ. உன் மேலயும்தான் நடவடிக்கை எடுக்கணும். சரி, போ. பாக்கிறேன்."

பார்க்கத்தான் செய்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ரிசார்ட்டுக்குக் கடிதம் போனது. குழாய் வாய்ப் பகுதியில் பொதுமக்களுக்கு ஆபத்து வராமல் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ரிசார்ட் பத்தே நாளில் நடவடிக்கை எடுத்தது. குழாய் வாயைச் சுற்றித் தண்ணீருக்குள் கம்பம் நட்டு முள்வேலி போட்டார்கள். 'கழிவுநீர் வெளியேறும் பகுதி, வெளியாட்கள் நுழையத் தடை' என்று பலகை வைத்து, படம் எடுத்து அனுப்பி, பாராட்டும் வாங்கியிருப்பார்கள். வால்வு அப்படியே இருந்தது. வாட்ச்மேன் புது ஆளுக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தான்.

டீசல் போனதற்குக் காரணம் நான் திறந்த வால்வு. வேலி வந்ததற்குக் காரணம் என் புகார். இதை அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று உப்பங்கழிக் கரைக்குப் போனேன். தை பிறந்திருந்தது. அவருடைய இரண்டு மாதமும் முடிந்திருந்தது. காதில் கிடந்த தோடு இல்லை.

"நீதான் எய்தி குடுத்தியாமே?"

"ஆமாக்கா."

"எய்தவே கூடாதுடா நீ. எய்துனா எதுனா ஒண்ணு ஆய்டுது." சிரித்தார். "வேலிய பாத்தியா? மேலதான் கீது. அடில சேத்துக்கும் கம்பிக்கும் ஒரு மொழம் சந்து வுட்டுகிறானுங்க."

"உள்ள எறா வந்துருச்சா?"

"ரெண்டு நாளா ஒண்ணு ரெண்டு வர்து. மோந்து பாத்துட்டேன், நாத்தம் இல்ல."

மடியிலிருந்து பட்டன் போனை எடுத்தார். பால் கவரில் சுற்றியிருந்தது. அதை வேலிப் பலகையின் ஆணியில் மாட்டினார்.

"அந்தத் திட்டு மேல குந்திக்கோ. வாட்ச்மேன் இந்தப் பக்கம் வந்தான்னா ஒரு மிஸ்டு கால் குடு. ஒண்ணுதான். ரெண்டு குடுத்துத் தொலச்சிடாத, அதுல இன்னா ஆவும்னு பாத்துட்டோம்."

பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். மூச்சை இழுத்து முங்கினார். நான் என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வேலியையும் தண்ணீரையும் பார்த்தபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு முள்கம்பிக்கு அந்தப் பக்கம் முதலில் பறி மேலே வந்தது.